ஆம்னி இருமிய மார்கழி

"உன்னுது கையா, கொரங்கு கையாடா? நல்லா ஓடினு இருந்த வண்டிய நாசம் பண்ணிட்டு வந்து நிக்கிறியே!"

"மாமா, நான் போட்டது எல்லாம் கம்பெனி சாமானு. பொட்டியக்கூட உங்க கையிலதான் குடுத்தேன்."

"பொட்டிய வெச்சி இன்னா பண்ண, தலையில கவுத்துக்கவா? அங்க பஞ்சாட்சரம் பொண்டாட்டி வாய் கோணிப் படுத்துனுகீறா. அதுக்கு இன்னாடா பதிலு?"

அருள்மணி வண்டியின் முன் சீட்டைத் தூக்கிவைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கண்ணாயிரம் குரலை உயர்த்தினால் எங்கள் தெருவில் அடுப்பை யாரும் அணைப்பதில்லை, அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவோம். நான் முறத்தோடு வந்திருந்தேன், புடைக்க வேண்டிய சாமை அதில் அப்படியே கிடந்தது. எதிர்வீட்டுத் தேவராஜ் வாயில் பல் பிரஷ்ஷோடு வந்து, நுரையைத் துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தான்.

கண்ணாயிரத்தின் பழைய வெள்ளை ஆம்னிதான் எங்கள் ஊருக்கு இருக்கும் ஒரே நாலு சக்கரம். சந்தைக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். கார்த்திகையில் அது மேடு ஏறத் திணறியது. அவர் மனைவி மணியம்மாள் தன் அண்ணன் மகன் அருள்மணியை வரச் சொன்னாள். பையன் பக்கத்து மலை ஊர்க்காரன், கீழே சந்தவாசலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. மணியம்மாளின் மகள் கீதாஞ்சலியை அவனுக்குத்தான் தருவதென்று பேச்சு முடிந்திருந்தது. தை பிறந்ததும் நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவன் வந்து, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் எஞ்சினில் பழைய பிளக்குகளைக் கழற்றிப் புதியவை போட்டான். பிளக் வயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர் எல்லாம் மாற்றினான். கீதாஞ்சலி பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு டார்ச். நான் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"இந்த மூணு வயரும் பிளக்குக்குப் போறது. நடுவுல கீது பாரு, இது கரண்டு குடுக்கிற காயில்ல இருந்து வர்றது. இது துளி எழும்பி நின்னாலும் போதும், பனியில வண்டி இருமும். சுலுவா எடுக்காது" என்று அவளுக்குச் சொன்னான். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மற்றவர்கள் வேறு என்னென்னவோ பேசுவார்கள். இவன் வயரைப் பற்றிப் பேசினான், அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

கொஞ்ச நாள் வண்டி சிட்டாகப் பறந்தது. மார்கழிப் பனி இறங்கியதும் இரும ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் கெக்கெக்கென்று இருமும், அடங்கிவிடும். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தேவராஜ் பேட்டரி என்றான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கண் கூசியது. பாட்டிலில் வாங்கி ஊற்றிய பெட்ரோலில் தண்ணீர் என்றான்; வேறு பெட்ரோல் ஊற்றியும் இருமல் நிற்கவில்லை. பிறகு போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "கரண்டு பத்தல" என்றான். எங்கே பத்தவில்லை என்று கேட்டதற்கு, வீடியோ பாதியிலேயே நின்றுவிட்டதாம். இங்கே டவர் கிடைக்கும் லட்சணம் அப்படி.

கடைசியில் அருள்மணியே பைக்கில் மலையேறி வந்தான். சீட்டைத் தூக்கினான், எதையோ அழுத்தினான், வண்டி உறுமியது. "நடு வயரு லூசா இருந்திச்சி மாமா. நல்லா அழுத்தித்தான் உட்டேன், எப்பிடின்னு தெர்ல" என்றான். சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த வாரமும் அதே இருமல், அதே வயர். இந்த முறை அவனுக்கே கோபம் வந்து, வயர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் நுழையும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றினான். "இனிமே இது அசையாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

பேச்சு முடிந்த வீட்டுக்கு மாப்பிள்ளைப் பையன் தாலி கட்டும்வரை காரணமில்லாமல் வந்து நிற்கக் கூடாது, எங்கள் வழக்கம் அது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் அருள்மணி 'ம்', 'சரி' என்ற இரண்டையும் தாண்ட மாட்டான் என்று மணியம்மாளே என்னிடம் சிரித்திருக்கிறாள். ஆம்னிக்கு இருமல் வந்தால் மட்டும் அவன் வருவான். அன்றைக்கு அந்த வீட்டில் கோழி அடிப்பார்கள், கீதாஞ்சலி புது ஜாக்கெட் போடுவாள். எனக்கு இதெல்லாம் கண்ணில் படும். படுவதைக் கோத்துப் பார்க்கத்தான் அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் விடியலில் பஞ்சாட்சரத்தின் மனைவி அம்மாக்கண்ணு வாசல் பெருக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மகன் சந்திரன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாயிரத்தின் வாசலுக்கு ஓடிவந்தான். கண்ணாயிரம் சாவியைத் திருப்பினார். இருமல். மறுபடி திருப்பினார். இருமல். எல்லாரும் சேர்ந்து வண்டியைச் சரிவுக்குத் தள்ளினோம். சரிவு முடிந்ததே தவிர எஞ்சின் எழும்பவில்லை. டேப் சுற்றிய இடத்தைக் கண்ணாயிரம் தொட்டுப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. வேறு எங்கே பார்ப்பதென்று அவருக்குத் தெரியாது. செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியும் செத்தது. ஆம்புலன்ஸ் கீழிருந்து வர வேண்டும். கடைசியில் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே அம்மாக்கண்ணுவைக் கிடத்திக்கொண்டு போனார்கள்.

உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டினு வந்திருக்கணும்" என்று டாக்டர் சொன்ன ஒரே வாக்கியம், நோயாளிக்கு முன்னால் மலையேறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

கீதாஞ்சலி அந்த விடியலில் ஊரில் இல்லை. முந்தின நாள் பொழுது சாய, மறுநாள் திரும்பிவிடுவதாகச் சொல்லி, பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கு அம்மாவோடு போயிருந்தாள். கிளம்பும்முன் வண்டிக்குள் ஏறிச் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஊருக்குப் போகிற அவசரத்தில் இவளுக்கு என்ன சுத்தம் என்றுதான் நினைத்தேன்.

இந்தச் சண்டை அதற்கு மூன்றாம் நாள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு, கண்ணாயிரம் அருள்மணியை வரவழைத்திருந்தார். அவர் கத்திக்கொண்டே இருக்க, அருள்மணி டேப்பைத் தொட்டான். அசையவில்லை. வயரைப் பிடித்தபடியே அவன் விரல் மறுமுனைக்குப் போயிற்று, காயில் பக்கம். அங்கே வயர் எழும்பியிருந்தது; விரல் நின்றது. மெதுவாகத் தலையை நிமிர்த்தி வாசற்படியைப் பார்த்தான்.

அங்கே கீதாஞ்சலி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா, அவர உடு. நான்தான் எழுப்பி வெச்சேன்."

"இன்னாத்த?"

"அந்த வயர. ஒவ்வொரு வாட்டியும் நான்தான். வண்டிய பாக்க மாமா வரும்னு."

தேவராஜ்தான் முதலில் சிரித்தான். "த பார்றா, தாலி ஏறல, அதுக்குள்ள புருசனுக்கு வக்காலத்து!" உடனே தெருவே சிரித்தது. கண்ணாயிரம்கூட வெறுப்போடு ஒரு சிரிப்புச் சிரித்தார். "உள்ள போடி. ஒரு பல்பு மாட்டத் தெரியாது, வயர எழுப்பினாளாம்."

சிரிக்காமல் நின்றது சந்திரன் மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தான், சட்டைகூட மாற்றவில்லை. அருள்மணியிடம் வந்தான்.

"அண்ணே, அது சொல்றது நெசமா?"

ஆமாம் என்றால் அருள்மணியின் பெயர் மிஞ்சும், கல்யாணமும் ஒருவேளை மிஞ்சும். ஆனால் அம்மாக்கண்ணு தினமும் கண் விழிக்கும் தெருவில் கீதாஞ்சலி நடக்க வேண்டும். கையை நிதானமாகத் துணியில் துடைத்தான், ஒவ்வொரு விரலாக.

"இல்லபா. அதுக்கு சீட்டுக்கு அடியில இன்னா கீதுன்னே தெரியாது. நான்தான் சரியா மாட்டல. தப்பு எம்மேலதான்."

"மாமா, பொய் சொல்லாத!" என்று அலறினாள் கீதாஞ்சலி. அவன் அவளைப் பார்க்கவில்லை. வயரை அழுத்தினான், சீட்டை மூடினான், சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே வண்டி எடுத்தது. அதை ஓடவிட்டபடியே இறங்கிப் போய்த் தன் பைக்கில் ஏறினான். வளைவில் பைக் சத்தம் மறைந்தபிறகும் ஆம்னி நன்றாக, வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"கேட்டீங்களா, அவனே ஒத்துக்கினான்" என்றார் கண்ணாயிரம். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. மணியம்மாளுக்கும் அவள் அண்ணனுக்கும் பேச்சு நின்றது.

அருள்மணியின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவள் சொன்னதுதான் நிஜம் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் ஊர் கேட்கும். அன்றைக்கு முழுவதையும் கழித்துவிட்டது.

அம்மாக்கண்ணு வீடு திரும்பியதும் கீதாஞ்சலி தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் நான் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் அங்கே விறகு ஏதும் இல்லை. "அத்த, நான்தான் அந்த வயர எழுப்பினேன், நீயாச்சும் நம்பு" என்று கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். கிழவியின் கண்கள் அவள் மேலேயே இருந்தன. இடது கை எழும்பியது. தடவ எழும்பியதா அடிக்க எழும்பியதா, எனக்குத் தெரியவில்லை. பாதியிலேயே விழுந்துவிட்டது. வாயிலிருந்து வந்தது சொல்லாக இல்லை. கீதாஞ்சலி அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

அருள்மணிக்கு மலைப் பக்கத்து வண்டிகள் வருவது நின்றது. அம்மாக்கண்ணுவைப் படுக்க வைத்தவன் என்ற பெயர் சந்தவாசல்வரை இறங்கியிருந்தது. ஓசூருக்குப் போனான். அங்கேயே ரேணுகாதேவி என்றொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கேள்வி. ஊருக்குப் பத்திரிகை வரவில்லை. கண்ணாயிரம் ஆம்னியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

வைகாசியில் சந்திரன் வீட்டிலிருந்து அவனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். கீதாஞ்சலி மாட்டேன் என்று சொல்லவில்லை. தாலி கட்டும்போது மணியம்மாள் மட்டும் அழுதாள், அவள் அண்ணன் வரவில்லை என்பதற்காக என்று எல்லாரும் நினைத்தோம். வயரை எழுப்பியது கீதாஞ்சலிதான் என்பதைச் சந்திரன் நம்பித்தான் கட்டினானா, நம்பாமல் கட்டினானா என்பது எனக்கே பிடிபடாத விஷயம். ஐப்பசியில் தாயையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவன் கணியம்பாடிக்குக் குடிபோய்விட்டான். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்நேரமும் பஸ் உண்டாம். மாமியாருக்கு வாய் துடைத்து ஊட்டுவது இப்போதும் கீதாஞ்சலிதான்.