சுவரில் நின்ற நபவிய்யா

போர்ட் சயீத் துறைமுக நகரத்தின் கால்வாய்க்கரையில் புதிதாக வரவிருந்த சின்ன அருங்காட்சியகம் அது. வாசல் சுவரில் இரண்டு ஆள் உயரப் படத்தை மாட்டிவிட்டு, ஏணியில் நின்றபடியே ரசித்துக்கொண்டிருந்தார் பொறுப்பாளர் வஜீஹ். 1956-ஆம் வருடப் போரில் எடுத்த படம். இடிந்த தெருவின் நடுவே, தலையில் ரொட்டித் தட்டோடு ஒரு பெண் கையை ஓங்கிக் கத்துகிறாள். 'எதிரியை எதிர்த்து முழங்கும் வீராங்கனை. படம் எடுத்தவர் தெரியவில்லை' என்று கீழே எழுதியும் வைத்திருந்தார். மறுநாள் திறப்பு விழா. ஊரெங்கும் இதே படம் போஸ்டராக ஒட்டியாகிவிட்டது.

"முழங்குறாளா? யாரு, எங்கம்மாவா?"

குரல் கேட்டுக் குனிந்து பார்த்தார். மீன் சந்தையில் கடை போட்டிருக்கும் எனாயாத், போஸ்டரைப் பார்த்துவிட்டுச் செதில் ஒட்டிய கையோடு நேராக வந்திருந்தாள்.

"ஸ்டூடியோ வச்சிருந்த ஸக்லூல் எடுத்த படம் உஸ்தாத் இது. எங்கப்பா! மூலையில முத்திரை அமுக்கியிருப்பாரே, அது எங்க?"

வஜீஹ் படத்தின் மூலையைப் பார்த்தார். இணையத்தில் கிடைத்த படம். மூலையில் இருந்ததைக் கறை என்று நினைத்து அவரேதான் வெட்டியிருந்தார்.

"இல்லம்மா... பழைய போர்ப் படம்... எல்லாருக்கும் பொதுதானேன்னு..."

"செத்துப்போனாலும் எடுத்தவர் பேரைப் போடணும்னு சட்டமே இருக்காம். என் மருமக வக்கீலு, அவதான் சொன்னா. கதவுல என்ன எழுதியிருக்கீங்க? 'அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது'ன்னு. அது எங்களுக்கு மட்டுந்தானா?"

வஜீஹ் ஏணியிலிருந்து இறங்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. படம் போனால் நாளைக்கு வாசலில் வெறும் சுவர்தான்.

"தப்புதாம்மா. இப்பவே கழட்டிடறேன்."

"கழட்டச் சொன்னேனா? ஒரு வார்த்தை கேட்கலையேன்னுதான் ஆத்திரம்." எனாயாத் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எதிரியாவது ஒண்ணாவது! அப்பா மூணு நாளா சாப்பிடாம கேமராவும் கையுமா அலைஞ்சிருக்காரு. 'யோவ், சுடறவனே சாப்பிடப் போயிட்டான், நீ வந்து தின்னுட்டுப் போ!'ன்னு அம்மா கத்தியிருக்கா. இவரு சாப்பிட வராம அதையும் படம் புடிச்சிட்டாரு. தலைகூட வாராதப்ப எடுத்துட்டாரேன்னு சாகுற வரைக்கும் திட்டித் தீர்த்தா!"

வஜீஹும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து முறைப்படி அனுமதிக் கடிதம் எழுதினார். எனாயாத் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள், இரவோடு இரவாக வெட்டாமல் மறுபடி அச்சடித்த முழுப் படம் முத்திரையோடு சுவரில் இருந்தது. 'கணவரைச் சாப்பிடக் கூப்பிடும் நபவிய்யா. படம்: ஸக்லூல். குடும்பத்தாரின் அனுமதியுடன்.' படித்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சில பெண்கள் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

வஜீஹ் மைக்கைப் பிடித்தார். "எவ்வளவு பழைய படமா இருந்தாலும் எடுத்த கை ஒண்ணு இருக்கு. அவங்களைக் கேட்காம எடுத்து மாட்டினா அது திருட்டு. நான் திருடினேன். பேரைத் தொலைச்சேன், கூடவே உண்மையையும் தொலைச்சேன்."

முன்வரிசையில் இருந்து எனாயாத் குரல் கொடுத்தாள். "கட்டிலுக்கு அடியில இன்னும் மூணு பெட்டி படம் இருக்கு உஸ்தாத்!"

ஆசையில் வஜீஹ் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். சட்டென்று நின்று, அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டார்:

"அம்மா, நாங்க அதைப் பார்க்கலாமா?"