கேழ்வரகு அடைக்கு விழுந்த கைதட்டல்

அடிவாரத்து ஊரில் பிறந்த சுமித்ரா, கொல்லிமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் மலைக்காரர்களின் சாப்பாட்டில் கை வைத்ததில்லை. கேழ்வரகும் சாமையும் வேறு வழியில்லாதவர்கள் தின்பது என்று அவளுக்கு ஓர் எண்ணம். செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஏழே காலுக்கு பஸ். அதற்குள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பூங்குழலிக்கு மத்தியானச் சாப்பாடு கட்டியாக வேண்டும். பாக்கெட் நூடுல்ஸ் என்றால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வாரத்தில் நான்கு நாள் அதுதான். சாயங்காலம் டப்பா காலியாக வரும். பிள்ளை ஆசையாகச் சாப்பிடுகிறாள் என்று சுமித்ரா நிம்மதியாக இருந்தாள்.

இரண்டு வீடு தள்ளி ராமாயி இருந்தாள். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் கேழ்வரகு என்று சொந்தக் காட்டில் பாடுபடுகிறவள். அவள் மகள் கலைச்செல்வி அதே தனியார் பள்ளியில், அதே வகுப்பில், அரசு ஒதுக்கீட்டில் கிடைத்த இலவச இடத்தில் படித்தாள். பிள்ளைகள் இருவரும் ஒன்றாகவே போய் வந்தார்கள். சுமித்ரா அதைத் தடுக்கவில்லை. “அவங்க ஊட்ல மட்டும் எதும் வாங்கித் திங்காத” என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியை சத்யா, பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

“ஒரு மாசமா எல்லார் டப்பாவையும் பாத்துட்டு வாரேங்க. சத்தான சாப்பாட்டுக்கு நெறைய செலவாகும்னு யாரும் நெனைக்காதீங்க. நம்ம பூங்குழலி அம்மா என்ன குடுத்து உடறாங்க தெரியுங்களா? ஒரு நாள் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. ஒரு நாள் அவிச்ச மொச்சையும் சாமைச் சோறும். இன்னொரு நாள் தினை உருண்டை. எல்லாம் நம்ம மலையில வெளையறதுதான். அவங்களுக்கு ஒரு கை தட்டுங்க.”

எல்லோரும் தட்டினார்கள். சுமித்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் கட்டிக் கொடுக்காத சாப்பாட்டை மகள் எங்கிருந்து தின்றாள்?

“ஒரு சிலர் வாரத்துல நாலு நாள் பாக்கெட் நூடுல்ஸ்” என்று சத்யா குரலைத் தாழ்த்தினாள். “பேர் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன், கலைச்செல்வி அம்மா, புள்ளைக்கு அது ஆகாதுங்க.”

கடைசி பெஞ்சில் இருந்த ராமாயி திடுக்கிட்டு எழுந்தாள். “நானுங்களா? எங்கூட்ல அந்த மாதிரி வாங்கறதே இல்லீங்களே.”

“நானே கண்ணால பாத்தேங்க. உக்காருங்க.”

ராமாயி உட்கார்ந்துவிட்டாள். அந்த நொடியில் சுமித்ராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைகள் டப்பாவை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அத்தனை முகங்களும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. ஜெராக்ஸ் கடைக்கு வரும்போது ஏறிட்டும் பார்க்காத டாக்டர் வீட்டம்மாகூட அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தாள்.

“அடை எப்படிச் சுடறீங்கன்னு சொல்லுங்க, எல்லாரும் எழுதிக்கட்டும்” என்றாள் சத்யா.

சுமித்ரா எழுந்தாள். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தாள் என்று பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயில் வந்தது வேறு. “கேழ்வரகு மாவுல வெங்காயம், கீரை, உப்புப் போட்டு, பச்சைத் தண்ணி ஊத்திப் பெசஞ்சு…”

“வெந்நி ஊத்தோணுமுங்க” என்று ராமாயி மெதுவாகச் சொன்னாள். “பச்சைத் தண்ணின்னா அடை வெடிச்சுப் போயிருமுங்க.”

“மொதல்ல உங்க புள்ளைக்கு ஒழுங்காக் கட்டிக் குடுங்க, அப்பறம் மத்தவங்களுக்குச் சொல்லலாம்” என்றாள் சத்யா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ராமாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். சுமித்ரா மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் ராமாயி யாருக்காகவும் நிற்காமல் கலைச்செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சுமித்ரா வழியில் மகளை நிறுத்திக் கேட்டாள்.

“எத்தனை நாளாடி மாத்தித் திங்கறீங்க?”

பூங்குழலி அழுதுவிட்டாள். “பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்தும்மா. எனக்கு நூடுல்ஸ் தின்னா வயிறு வலிக்குது. அவளுக்கு அது புடிச்சிருக்கு. உன்னட்ட சொன்னா நீ அடிப்பேன்னு, யார்ட்டயும் சொல்லாதேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.”

“வயிறு வலிக்குதுன்னு ஏன் சாமி சொல்லல?”

“சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னே.”

சுமித்ராவுக்கு அப்படி ஒரு நாள் ஞாபகத்திலேயே இல்லை. அது அவளை இன்னும் குறுக வைத்தது.

ஊருக்குள் நுழையும்போதே கலைச்செல்வியின் அழுகை கேட்டது. ராமாயி வாசலில் விளக்குமாற்றுக் குச்சியோடு நின்றிருந்தாள். “காசு ஏதுடி உனக்கு? யார் பையில எடுத்த? சொல்லு!” பிள்ளை காலைத் தேய்த்துக்கொண்டு அழுததே தவிர, வாயைத் திறக்கவில்லை. பூங்குழலியைப் பார்த்ததும் அழுகையையும் அடக்கிக்கொண்டது.

“ராமாயக்கா, அடிக்காதீங்க” என்று சுமித்ரா ஓடிப்போய்க் குச்சியைப் பிடித்தாள். “அவ ஒண்ணும் எடுக்கலீங்க. நூடுல்ஸ் நான் கட்டிக் குடுத்தது. அடை நீங்க சுட்டது. புள்ளைங்க மாத்திக்கிட்டாங்க.”

ராமாயி அவளையே பார்த்தாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இப்பத்தான்…” என்று தொடங்கிய சுமித்ரா நிறுத்தினாள். இன்னொரு பொய் வேண்டாம். “அங்க கூட்டத்துலயே தெரியுமுங்க.”

“தெரிஞ்சுட்டேதான் அடை சுடறதச் சொன்னீங்களா?”

சுமித்ரா பிடித்திருந்த குச்சியை விட்டாள். ராமாயி குச்சியைக் கீழே போட்டுவிட்டு மகளை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? சிரிச்சவங்களுக்கல்ல தெரியோணும்” என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வகுப்புப் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் ராமாயி இல்லை. அவளிடம் இருந்தது பட்டன் போன். சுமித்ரா அடுப்படியில் நின்றபடியே குரலைப் பதிவு செய்தாள். ‘பிள்ளைகள் விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள்’ என்று ஆரம்பித்தாள். கேட்டுப் பார்த்தாள். பழி பிள்ளைகள் மேல் போவது தெரிந்ததும் அழித்தாள். அடுத்ததில் வேலை, பஸ், நேரம் என்று காரணங்கள் வந்தன. அதையும் அழித்தாள். கடைசியில் இவ்வளவுதான் சொன்னாள்: “நான் பூங்குழலி அம்மா பேசறேனுங்க. இன்னைக்குக் கை தட்டுனது எனக்கு இல்லீங்க. அந்தச் சாப்பாடெல்லாம் கலைச்செல்வியோட அம்மா செஞ்சது. நூடுல்ஸ் நான் குடுத்தது. தெரிஞ்சும் அங்க பேசாம இருந்துட்டேன்.”

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அந்த மௌனத்தைவிட நாலு பேர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை சத்யா பள்ளி வாசலிலேயே ராமாயியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள் என்று பூங்குழலி வந்து சொன்னாள். சுமித்ராவிடம் சத்யா எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் முகத்தில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

இரண்டு வாரம் கழித்து, வாழவந்திநாட்டுச் சந்தைக்குப் போக ராமாயி காலை பஸ்ஸில் ஏறினாள். சுமித்ராவின் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. தயங்கி நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பஸ் நான்கைந்து வளைவு திரும்பியது.

“உங்க மேல கோவம் போயிருச்சுங்க அம்மணி” என்றாள் ராமாயி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “அன்னைக்கு எம்புள்ளைய மூணு அடி அடிச்சுட்டேன். திருடுனியான்னு வேற கேட்டுட்டேன். அவ மறந்துட்டா. எனக்குத்தான் சோறு எறங்க மாட்டேங்குது.”

அந்த மூன்று அடியும் தன்மேல் விழுந்திருக்க வேண்டியது என்று சொல்ல சுமித்ராவுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் ராமாயி தன் துக்கத்தை விட்டுவிட்டு இவளுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவாளோ என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.