மஸ்டர் கத்தி

மிக்கேல் கங்காணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு துக்கம் கேட்க வந்தபோதே எனக்குப் பொறி தட்டியது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன் அவர்.

“நாளைக்கு ஆர்டிஓ விசாரணைக்கு வாராரு லிஜி. நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கிடுதேன்” என்றார். எதைப் பார்த்துக்கொள்வார்?

என் அண்ணன் ஜின்சனும் இதே ஏலக்காய் எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தான். அவனுக்கு மனநோய். மாத்திரையை விட்டால், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று எங்காவது ஒளிந்துகொள்வான். அன்று கவாத்துக் கத்தியோடு ஸ்டோருக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டான். போலீஸ் வந்து சுற்றி வளைத்தது. நான் பேசிப் பார்க்கிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், விடவில்லை. மிக்கேல் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். வேலை முடிந்து சாயங்கால மஸ்டரில் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுகிற அதே இழுப்போடு “ஜின்சேன்” என்றார் அவர். அண்ணன் கதவைத் திறந்து வெளியே வந்தான், கத்தியைத் தலைக்கு மேல் தூக்கியபடி. சுட்டுவிட்டார்கள், பாவிகள்.

வெட்ட ஓங்கினான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. எங்கள் எஸ்டேட்டில் மஸ்டருக்குப் பேர் கூப்பிட்டால் கத்தியை அப்படித்தான் தூக்கிக் காட்ட வேண்டும், காட்டில் தொலைத்துவிட்டு வரவில்லை என்று. அந்தச் சட்டத்தைப் போட்டதே மிக்கேல்தான். அவரே போலீஸிடம், “வெட்டத்தான் வந்தான்” என்று சொல்லியிருந்தார். கூப்பிட்ட பழி தன்மேல் விழுமோ என்ற பயம்தான், வேறென்ன? செத்தவன் கொலைகாரன் என்ற பேரோடு போவதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆர்டிஓ ஒரு போலீஸ்காரரோடு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிக்கேலைப் பார்த்தார்.

“அப்படி ஒரு வழக்கமே இங்க கெடையாது சார். கத்திய தரையில வச்சிட்டுப் போயிருவாங்க.”

கூட வேலை செய்கிறவர்களைப் பார்த்தேன். ஒருவரும் நிமிரவில்லை. எல்லார் வீட்டுக்கும் பழம் போயிருக்கிறது என்று புரிந்தது.

ஆர்டிஓ மஸ்டர் எடுத்துக் காட்டச் சொன்னார். மிக்கேல் மெதுவாகக் கூப்பிட்டார். பிலோமி அக்கா குனிந்து கத்தியைத் தரையில் வைத்தாள். ஜோமோனும் வைத்தான். பேர் போகப் போக மிக்கேலுக்குத் தைரியம் வந்து, குரல் வழக்கம்போல் ஏறிவிட்டது.

“சூசையப்பேன்!”

சூசையப்பன் அண்ணாச்சியின் கை தானாக உயர்ந்தது. தலைக்கு மேல் கத்தி. அடுத்த நொடி போலீஸ்காரர் துப்பாக்கியை உருவிவிட்டார்.

“சுட்டுராதீங்க சார்! வெட்ட வரல, காட்டுதாரு! எங்க மஸ்டருல இப்பிடித்தான் காட்டுவோம்!”

அப்படி அலறியது நான் இல்லை, மிக்கேல்.