கடைசிப் பந்தி

எத்தனை நாளாய் மார்பில் இந்தக் கட்டி இருக்கிறது என்று டாக்டரம்மா வங்காளத்தில் கேட்டார். "ஒரு மாசம் இருக்கும்" என்று சங்கரியும் வங்காளத்திலேயே சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் செல்வராஜ் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். ஒரு மாசமாவது! பதினாலு மாசம். அது இந்தக் கல்கத்தாவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி முகம் மாறாமல் பொய் சொல்லிவிட்டாள், அதுவும் அவரைக் காப்பாற்ற.

போன வருஷம் ஜனவரியில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மண்டபத்தில் பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. நடத்தியது தமிழ் மன்றம். செயலாளர், துறைமுக ஆபீஸ் குமாஸ்தா செல்வராஜ். வீடு வீடாக ஏறி இறங்கி, வெட்கப்பட்ட பெண்களையெல்லாம் பேசிக் கரைத்தவர் அவர்தான். இங்கிலீஷ் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் எழுதியவரும் அவரேதான். உடம்பில் செல்கள் ஒரு கணக்கில் பெருகும், ஏதோ ஒன்று கணக்கு மீறி நிற்காமல் பெருகினால் அதுதான் புற்று, எல்லாக் கட்டியும் புற்றில்லை, ஆனால் வலிக்கவில்லை என்று எந்தக் கட்டியையும் விட்டுவிடாதீர்கள் என்று என்ன அழகாய் எழுதியிருந்தார்! அதில் போட்டிருந்தபடி குளிக்கும்போது விரலால் தடவிப் பார்த்துத்தான் சங்கரி கண்டுபிடித்தாள், பட்டாணி அளவில் ஒன்று.

முகாமுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டார்கள். பரிமாறிக்கொண்டிருந்த சங்கரி சாம்பார் வாளியோடு வந்து அவர் காதோரம் சொன்னாள். "ஏங்க, எனக்கு ஒண்ணு தட்டுப்படுது. டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துரட்டா?"

"நம்ம வீட்டாளு முதல்ல போய் நின்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க? வந்தவங்க முடியட்டும். பந்தியப் பாரு."

கல்யாண வீட்டில் வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தானே உட்காருவார்கள். அந்த மரியாதையை மனுஷன் இதற்கும் கொண்டுவந்து பொருத்திவிட்டார். கடைசிப் பந்தி வருவதற்குள் மணி நாலாகி, டாக்டர்கள் வேன் ஏறிப் போயே போய்விட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து, "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். "அப்ப ஒண்ணுமிருக்காது. அடுத்த முகாம்ல பாத்துக்கிடலாம்." தன் கையால் எழுதியதைத் தானே படிக்காத பாவி! அவளும் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. அடுத்த முகாமும் நடக்கவில்லை.

டாக்டரம்மா காகிதத்தில் ஒரு மாசம் என்று எழுதிக்கொண்டிருந்தார். செல்வராஜ் அந்தப் பேனா ஓடுவதையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மேசைக்கடியில் சங்கரி அவர் காலை மிதித்தாள், சொல்லாதே என்று.

"பதினாலு மாசம், டாக்டர்" என்று வங்காளத்திலேயே சொன்னார். "முகாம் நடத்துன அன்னிக்கே சொன்னா. நான்தான் பரிமாறச் சொன்னேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று செல்வராஜ் எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். டாக்டரம்மாவோ எழுதியதை அடித்துவிட்டுப் பதினாலு என்று போட்டு, மார்புக்கு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்.

எக்ஸ்ரே அறை வாசலில் நர்ஸ் கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னாள். சங்கரி தாலிச் சங்கிலியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதைக் கழற்றி அவர் பார்த்ததில்லை.

"எதுக்குச் சொன்னிய?" என்றாள். "நான் மறைச்சிட்டே போயிருப்பேன்."

"தெரியும்ட்டீ. அதான் சொன்னேன்."

அவள் தலை வழியாகச் சங்கிலியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்க கட்டுனதுதான. நீங்களே வச்சிருங்க."

கதவு மூடிக்கொண்டது. கோபத்தில் சொன்னாளா, பத்திரம் என்று சொன்னாளா? அவருக்குப் பிடிபடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து விரல்களை இறுக மூடிக்கொண்டார். சங்கிலியில் அவள் வியர்வை ஈரம் காயவில்லை. உடம்புச் சூடு அப்படியே இருந்தது.