ருசிநாதர் இறங்கி வந்த வருஷம்

1952ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மலாயாவில் பகாவ் போகிற வழியில் இருந்த ஆற்றங்கரை ரப்பர் தோட்டத்துக் கடைச் சுவரில், கறித்தூள் விளம்பரத் தகட்டுக்குள் உட்கார்ந்து பதினோரு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்கள் நூற்றுப் பதினான்கு பேர். மழை இல்லை.

அந்தத் தகடு ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம் மாட்டியது. ஊஞ்சல் மார்க் கறித்தூள். கறித்தூளுக்கும் ஊஞ்சலுக்கும் என்ன உறவு என்று கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும். ‘இல்லத்தரசிகளே! ஒரே கரண்டி! அஜீரணம், மந்தம், கணவரின் முன்கோபம் யாவும் பறந்தோடும்!’ என்று மேலே எழுதியிருக்கும். கீழே பட்டு வேட்டியும் முறுக்கு மீசையுமாக ஒருவர் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். காலடியில் ‘ருசிநாதர்’ என்று பேர். பக்கத்தில் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்சாதிக்கு மட்டும் பேர் போடவில்லை. கடைக்காரர் ஜபருல்லா அதன் அருகிலேயே மயில்மேல் உட்கார்ந்த முருகன் காலண்டரையும் மாட்டியிருந்தார். வாங்க வருகிறவர்களின் சாமிதானே.

இந்தக் கதையில் நஷ்டப்பட்டவள் பஞ்சாலை. அவள் புருஷன் முருகையா நல்ல வெட்டுக்காரன், பேச்சு கம்மி. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடச் சாப்பாட்டை நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. ஆனால் மீன் தலையை எப்போதும் அவள் தட்டுக்குத் தள்ளிவிடுவான். கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்து, கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு பிடி சோற்றையும் வேலிக்கு வெளியே விடவில்லை. அரிசியைப் பொதுக் குசினியில் ஆக்கி, சோறாகத்தான் அளந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனி மாதிரிப் பொட்டலங்களை இனாமாகக் கொடுத்தது. பெண்சாதிக்குக் கொடுக்கலாம் என்று முருகையா ஒன்றை வாங்கி மடியில் சொருகினான், மறந்தும் போனான். மறுநாள் விடியற்காலையில் வேலி வாசலில் மடியை அவிழ்த்துச் சோதித்தார்கள். ஒரு சட்டிக் குழம்புக்குக் காணாத தூள். அவனையும் அவன் அடையாளக் கார்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மனுக் கொடுத்தால் விடுவார்கள் என்றார்கள். கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து மனு எழுதியவர் தோட்டத்துக் கணக்கு பார்க்க வந்த புதுக் கிராணி திருநாவுக்கரசு.

“ஒம் புருஷன் பேரு என்னா?”

பஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரைப் பெண்சாதி சொன்னால் அவன் ஆயுசு குறையும். அவனுக்கு எப்போதையும்விட இப்போதுதான் ஆயுசு அதிகமாக வேண்டியிருந்தது. அவளுக்காகப் பேரைச் சொல்லக்கூடிய பக்கத்து வீட்டு முத்தாயி அந்நேரம் வெட்டுக்காட்டில் இருந்தாள்.

“சாமி பேருங்க. அந்தா இருக்காரே, அவரு” என்று காலண்டரைக் காட்டினாள். கிராணியின் கண் ஒரு சாண் தள்ளித் தகட்டில் போய் விழுந்தது. எழுதிவிட்டார். பஞ்சாலைக்குப் படிக்கத் தெரியாது; கைநாட்டு வைத்தாள்.

நாலு மாதம் கழித்து ருசிநாதரை விடுதலை செய்து உத்தரவு வந்தது. உத்தரவு வந்தால் யாராவது வந்தாக வேண்டும். தகட்டில் இருந்தவர் எழுந்து வந்து பஞ்சாலை வீட்டு வாசலில் நின்றார். ஜபருல்லா, “வருவாருன்னுதான் கம்பெனியிலயும் சொன்னாங்க” என்றார். எதை நினைத்துச் சொன்னாரோ. அவள் அழுதாள், கத்தினாள். முத்தாயி கிராணியிடம் போய் உண்மையான பேரைச் சொன்னாள். அவர் தாளைக் காட்டி, “புருஷன்தான் வந்தாச்சேலா. இன்னொரு புருஷனுக்கு மனு எழுதணும்னா அவதான் வந்து வாயால சொல்லணும்” என்று முடித்துவிட்டார்.

ருசிநாதர் கெட்டவரல்ல. அவள் அடுப்பங்கரையில் படுத்தாள். அவர் வாசலில் படுத்தார், வெயிலில் தகரம் போலச் சூடேறினார். பெரட்டில் பேர் கொடுத்தார். மரம் வெட்டத்தான் வரவில்லை. பொதுக் குசினியின் புளித்த சோற்றை ஒரு வாய் வைத்ததும், “ஆஹா! என்ன மணம்! என்ன சுவை!” என்பார். தினமும் இரண்டு வேளை, இரண்டு வருஷம். லயமே சிரித்தது. பஞ்சாலைக்கு அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் நெஞ்சில் சுட்டது. வாயைத் திறக்காமல் மீன் தலையைத் தள்ளிய அந்தக் கைக்காக அவள் ஏங்கிப்போனாள்.

ஒரு நாள் உப்பு வாங்கப் போனவள் தகட்டைப் பார்த்தாள். அதிலிருந்த பெண்ணின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. கரண்டியைப் பிடித்தபடியே கழுத்தைத் திருப்பி வேலி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சாலை வீட்டுக்கு வந்து, “ஒங்களுக்காக ஒருத்தி சோறு போட நிக்கிறா. போங்க” என்றாள். அவர் எழுந்து போய்த் தகட்டுக்குள் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தது. கிராணி கூப்பிட்டு விசாரித்தார். இந்தத் தடவை அவள் தலை நிமிர்ந்து, பிறந்ததிலிருந்து சொல்லாத அந்தப் பேரைச் சொன்னாள்.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. முருகையா போன ஐப்பசியில் தடுப்பு முகாமில் காய்ச்சலில் செத்துப்போனான். அந்தப் பேரைச் சொல்லி அதுவரை யாரும் கேட்டு வராததால் அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பஞ்சாலை வேலியோரம் நின்று, “முருகையா” என்று கூப்பிட்டாள். கடைச் சுவரில் ருசிநாதர் வாய்க்குக் கொண்டுபோன கையை இலையில் இறக்கி வைத்தார். ஜபருல்லா அதைப் பார்த்தார். இருட்டுகிறதே என்று கடைப் பலகையை எடுத்து மூடினார்.

“ஏ பஞ்சாலை, அவரு பேரச் சொல்லாதடி, ஆயுசு கொறையும்லா!” என்று முத்தாயி பழக்கத்தில் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். பஞ்சாலை இன்னொரு தடவை கூப்பிட்டாள்.