விதோல்ட் அறிவித்த கூலி

விதோல்ட் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர். அவர் தோட்டத்தில் வேலைக்குப் போனால் முட்டைக்கோஸ் சூப்பில் முட்டைக்கோஸைத் தேட வேண்டும் என்று ஊரே கேலி பேசும்.

அன்று மாலை ஆலங்கட்டி மழை வரும் என்று வானொலி சொன்னபோது, அவருடைய மரங்களில் பாதி ஆப்பிள் இன்னும் பறிக்கப்படவில்லை. கல் பட்ட பழம் சாறு பிழியத்தான் ஆகும். இப்படிப்பட்ட நாளில் எங்கள் போலந்துத் தோட்டக்காரர்கள் கூப்பிடுவதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். கூடையோடு போய் நிற்பார்கள். கஞ்சனுக்கும் அதே மரியாதைதான்.

என்னிடம் வேலை செய்யும் தாரியேலும் கூடையை எடுத்தான். ஜார்ஜியாக்காரன். அடுத்த மாதம் அவனுக்கு வசிப்பு அட்டை கிடைத்துவிடும். கிடைத்தால் மனைவி நானுலியையும், இன்னும் நேரில் பார்க்காத மகளையும் அழைத்துக்கொள்ளலாம்.

"நீ வராதடா. உன் பர்மிட்ல என் பேர்தான் இருக்கு. வேலி தாண்டினா வம்பு."

"பக்கத்துத் தோட்டத்துக்காரர் தவிக்கும்போது கையக் கட்டிட்டு நின்னா நான் மனுஷனாக்கா? எங்க ஊர்லயும் இப்படித்தான்."

என் பேச்சை எங்கே கேட்டான்!

மதியம் எல்லைக் காவல் வண்டி வந்தது. அறுவடைக் காலத்தில் வெளிநாட்டு வேலையாட்களின் தாள்களைச் சோதிக்க அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார்கள். பெண் அதிகாரி ஒருத்தி தாரியேலின் தாள்களைப் புரட்டினாள். நல்லவள், தப்பிக்கும் வழியையும் அவளே காட்டினாள்.

"சும்மா ஒத்தாசைக்குத்தான வந்திருக்காரு? கூலி கீலி எதுவும் பேசலையே?"

"ஒத்தாசைதாங்க," என்றேன். ஏணிகளில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

விதோல்டுக்கு மட்டும் சுருக்கென்று தைத்துவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறதே!

"என்னை ஓசியில வேலை வாங்குறவன்னு நெனச்சீங்களா? இந்தப் பையனுக்கு முழுக் கூலி உண்டு. காலையிலயே பேசியாச்சு!"

"யோவ், வாய மூடுய்யா!" என்று கத்தினேன்.

"நான் குடுத்தா உனக்கு ஏம்மா வயிறு எரியுது?"

காலையில் அவர் எதுவும் பேசவில்லை. அந்த நொடியில் முளைத்த தாராளம் அது. அதிகாரி பேனாவைத் திறந்தாள். கூலி உண்டென்றால் அது வேலை. பர்மிட்டில் இல்லாத முதலாளியிடம் வேலை என்றால் குற்றம். விதோல்டுக்கு அபராதம். தாரியேல் நாட்டைவிட்டுப் போக வேண்டும், ஓராண்டுக்குத் திரும்பி வர முடியாது. வசிப்பு அட்டையும் அதோடு போயிற்று. வந்த ஆத்திரத்தில் விதோல்டின் கூடையை எட்டி உதைத்தேன்.

மாலையில் தாரியேல் என் சமையலறையில் நின்று நானுலிக்குப் போன் செய்தான். இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பான். மறுமுனையில் அவள் சந்தோஷத்தில் கூவியது எனக்கே கேட்டது.

"என்னடா சொன்ன அவகிட்ட?"

"ஊருக்கு வர்றேன்னு சொன்னேன்க்கா. லீவுன்னு நெனச்சிட்டா. அப்பா வர்றாரு, அப்பா வர்றாருன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டிருக்கா."