பின்னால் வருகிறவர்கள்

மச்சானின் சைக்கிள் நிக்கர் பின்பக்கம் இற்றுப்போயிருந்ததை ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர் முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில். கிழிசல் இல்லை. கிழிந்திருந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். துவைத்துத் துவைத்தும் சீட்டில் தேய்ந்து தேய்ந்தும் அந்தக் கறுப்புத் துணி கொசுவலை மாதிரி ஆகியிருந்தது. மச்சான் சீட்டைவிட்டு எழுந்து மிதித்தபோது துணி இழுபட்டு, வெயிலும் சாய்வாக விழுந்து, பார்க்கக்கூடாததெல்லாம் தெரிந்தது. உள்ளே வேறெதுவும் போடக்கூடாது என்பது அந்த நிக்கரின் சட்டமாம். மச்சானே பலமுறை விளக்கியிருக்கிறார், அதுவும் சாப்பிடுகிற நேரத்தில்.

மச்சான் என்றால் எக்ஸ்ரேக்காரருடைய மனைவியின் அண்ணன். பெரிய கட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். முன்னால் ஒரு தொப்பை, அதற்கும் முன்னால் போய் நிற்கும் ஒரு பேச்சு. சர்க்கரை எட்டிப்பார்த்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பதற்குத் தனி உடுப்பு கிடையாது என்பதாலோ என்னவோ, மச்சான் சைக்கிளுக்குப் போய்விட்டார். கூடவே ஓர் ஆடிட்டர், இரண்டு வக்கீல்கள், ஒரு பல் டாக்டர். நன்றாக இருந்த மனிதர்கள்தான். வாரம் முழுக்க இஸ்திரி போட்ட சட்டையில் ஊருக்குப் புத்தி சொன்னவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உறையில் திணித்த தலையணைகளாகத் தெருவுக்கு வந்தார்கள். பந்தய வீரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு மார்பில் சுமக்கிற கம்பெனிப் பெயர்களை இவர்கள் காசு கொடுத்து வாங்கிச் சுமந்தார்கள். என்ன கம்பெனி, என்ன விற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பால்காரர் ஒருவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன்களை மாட்டிக்கொண்டு, பீடி அணையாமல், இவர்களைத் தாண்டிப் போவார். அவர் சுமை ஏற்றிய வண்டிக்காரர், அவர் தாண்டுவது கணக்கில் சேராது என்று ஆடிட்டர் ஒரு தடவை தீர்ப்பு சொன்னார்.

எக்ஸ்ரேக்காரர் பழைய சைக்கிளில், பருத்தி பேண்ட்டில், கால் ஓரத்தைக் கிளிப் போட்டு மடித்துக்கொண்டு போவார். அவருக்கு இந்தக் கூட்டத்தில் சேர இஷ்டமே இல்லை. "அண்ணன் வாய் விட்டுக் கூப்புடுது, போய்ட்டுதான் வாங்களேன்" என்று மனைவி சொன்னதால் போனார். போன பிறகு விட மனம் வரவில்லை. அவர்களை வெறுப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. காபிக் கடையில், பெடலில் மாட்டிக்கொள்வதற்காக அடியில் ஆணி வைத்த ஷூவோடு அவர்கள் டக் டக்கென்று நடப்பதை வீட்டுக்கு வந்து மனைவிக்கு நடித்துக் காட்டுவார். அவளும் ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு, "போதுங்க, அது எங்கண்ணன்" என்றாள்.

மச்சான் அவரைத் தனக்கு நேர் பின்னால் ஓட்டிவரச் சொல்லியிருந்தார். பழக்கமில்லாதவரை முன்னால் போகிறவரின் மறைவில் வைத்துக் கூட்டிப்போவது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

"என் பின்னாடி ஒட்டிக்கிட்டு வா மாப்ள. காத்தே தெரியாது. மொத்தக் காத்தையும் நான் வாங்கிக்கறேன்."

அது உண்மைதான். மச்சானின் அகலத்துக்கு ஒரு வீட்டையே மறைக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நிக்கரைப் பார்த்ததும் எக்ஸ்ரேக்காரர் திரும்பி ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணடித்தார். அவருக்குப் பின்னால் வக்கீல்கள் தோள் குலுங்க வந்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் எப்போதோ தெரிந்திருக்கிறது.

"என்னப்பா, எல்லாரும் வர்றீங்களா?" என்று முன்னாலிருந்து மச்சான் கேட்டார்.

"சூப்பரா போறீங்க சார். போங்க போங்க" என்றார் ஆடிட்டர்.

எக்ஸ்ரேக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? ஆஸ்பத்திரியில் தினமும் செய்கிற வேலைதான் அது. அங்கே நோயாளிக்குக் கொடுக்கும் அங்கி முதுகுப்பக்கம் திறந்திருக்கும், நாடாவால் கட்ட வேண்டும். பாதிப்பேருக்குக் கை எட்டாது. அப்படியே வெளியே நடக்கப் போகிறவர்களை நிறுத்தி, "ஒரு நிமிஷம், பின்னாடி நாடா" என்று சொல்லித் தானே கட்டிவிடுவார். வந்தவர் பணக்காரரா, குடிகாரரா, போலீஸ் கூட்டி வந்த திருடனா என்று பார்த்ததில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒருவரையும் முதுகு திறந்தபடி அவர் வெளியே விட்டதில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. மச்சானிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் தோளில் தட்டி, "நம்ம மாப்ள படம் புடிக்கறவரு, ஆனா கல்யாணத்துக்குக் கூப்புட முடியாது" என்று சொல்லிச் சிரிக்கிற மச்சான் அல்லவா. அந்த ஞாயிறும் அடுத்தடுத்த ஞாயிறுகளும் அந்தக் காட்சியை அவர் ஒரு பழிவாங்கலாக அனுபவித்தார்.

இதற்கு நடுவில் அவரே அப்படி ஒரு நிக்கர் வாங்கினார். கேலி செய்வதற்காகத்தான் அந்த உடுப்புகளைப் போனில் பார்க்க ஆரம்பித்தார். எந்தத் துணி எவ்வளவு இழுபடும், எந்தப் பஞ்சு எங்கே வரும் என்பதெல்லாம் மச்சானைவிட அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. பார்சல் ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்தது. கடைசி நோயாளி போனதும், உடை மாற்றுகிற தடுப்புக்குள் போய் மாட்டிக்கொண்டார். எல்லாரையும் போல் கறுப்பு வாங்க அவருக்கு என்ன தலையெழுத்தா? இளஞ்சாம்பல் நிறம். ஏன் அத்தனை பேரும் கறுப்பையே போடுகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. ரசனை இல்லாத ஜென்மங்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"மூச்ச நல்லா இழுங்க. புடிங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டு வயிற்றை எக்கி, கைக்கண்ணாடியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரின் எலும்பைப் பார்த்தவர், தன் உடம்பைப் பார்த்து அன்றுதான் சந்தோஷப்பட்டார். வெட்கமாகவும் இருந்தது. மடித்துப் பழைய ஃபிலிம் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார்.

மச்சானுடைய கதை ஒரு பள்ளிக்கூட ஊர்வலத்தில் முடிந்தது. உடல்நலம் பற்றிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற ஊர்வலம். முன்னால் ஓட்டிப்போகக் கடைக்காரர் என்ற மரியாதையில் மச்சானை அழைத்திருந்தார்கள். அவர் ராசியான நிக்கர் என்று அதையே போட்டுக்கொண்டு போனார். ஊர்வலத்துக்கு முந்தின நாள்கூட எக்ஸ்ரேக்காரர் அவரோடு போனில் பேசினார். வாழ்த்துச் சொன்னார். பாலத்து ஏற்றத்தில் பின்னால் வந்த பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகக் கடைசி வரைக்கும் போனது. உற்சாகத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து மச்சான் கையை உயர்த்தி ஆட்டியிருக்கிறார். யாரோ எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் அவர் மகளின் போனுக்கே வந்துவிட்டது.

மச்சான் கடைக்குப் போகவில்லை. மனைவி இழுக்காத குறையாகக் கூட்டிப்போனதால் எக்ஸ்ரேக்காரர் அவரைப் பார்க்கப் போனார். மச்சான் லுங்கியோடு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"நீ என் பின்னாடிதான மாப்ள வந்த?"

"ஆமா மச்சான்."

"ஒட்டிக்கிட்டுதான வந்த?"

"காத்து மூஞ்சில அடிச்சிது மச்சான். கண்ணயே தொறக்க முடியல."

மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அண்ணனுக்குப் பக்கத்தில் நின்ற மனைவியும் பார்த்தாள்.

"என் பின்னாடி ஏது மாப்ள காத்து?" என்றார் மச்சான், மெதுவாக.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி நாலடி முன்னாலேயே நடந்தாள். நடித்துக் காட்டுவதற்கும் வீட்டில் இனி ஆளில்லை.

அடுத்த வாரம் ஆடிட்டர் போன் செய்தார். பாவம், மச்சான் இனி வரமாட்டார், இனி நீங்கள்தான் முன்னால் போக வேண்டும் என்றார். எக்ஸ்ரேக்காரருக்கு அந்தக் கும்பலின் மேல் இருந்த இளக்காரம் ஒரு துளிகூடக் குறைந்திருக்கவில்லை. இருந்தும் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இளஞ்சாம்பல் உடுப்பை மாட்டிக்கொண்டார், சட்டப்படி உள்ளே ஒன்றும் இல்லாமல். வீட்டுக் கண்ணாடியில் மார்பு வரைக்கும்தான் தெரிந்தது. சமையலறை வாசலில் போய் முதுகைக் காட்டி நின்றார்.

"பின்னாடி நல்லா இருக்கா பாரு."

மனைவி பார்த்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் முன்னால் போனார். காற்று முழுக்க அவர் மேலேயே அடித்தது. மச்சான் இதையா வாராவாரம் தனக்காக வாங்கிக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. அந்த நினைப்பு சங்கடமாக இருந்ததால் இன்னும் வேகமாக மிதித்தார். பாலம் வருவதற்குள் வியர்வை முதுகில் இறங்கி, இடுப்பைத் தாண்டி, கீழே துணியெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. ஏற்றத்தில் சீட்டைவிட்டு எழுந்தார். அதுவரை பின்னால் சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றது. யாரோ இருமினார்கள். வியர்வையில் நனைந்த தன் முன்தொடையைக் குனிந்து பார்த்தார். சாம்பல் துணிக்கு அடியில் தோலின் நிறமும் ஒவ்வொரு முடியும் தெளிவாகத் தெரிந்தது.

"ஆடிட்டர் சார், பின்னாடி எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சூப்பரா போறீங்க சார். போங்க போங்க."

எதிரே பால்காரர் வந்துகொண்டிருந்தார். நின்றால் எல்லாரும் பக்கத்தில் வந்து பார்ப்பார்கள். உட்கார்ந்தால் ஏற்றம் ஏறாது. எக்ஸ்ரேக்காரரின் இடது கை கைப்பிடியை விட்டு முதுகுக்குப் பின்னால் போய், அங்கே இல்லாத ஒரு நாடாவைத் தடவித் தடவித் தேடியது.